போர் விமானிக்கு நான் பிடித்த கொடி

“...நீங்க போங்க ஆபீசர். மிச்சம் நாப்பது ஏக்கரை நாளைக்கு விடிஞ்சதும் அடிச்சுத் தந்துடறேன். இன்னிக்கு நான் அடிச்சது எங்க விழுந்துச்சு, யாரு வூட்டு மேல விழுந்துச்சுன்னு கண்ணால பாக்காம விமானத்துல ஏற மாட்டேன். ஆய்த்து!”

‘ஆய்த்து’ என்பது கன்னடம். முடிந்தது, இனிப் பேச்சில்லை என்று அர்த்தம். சொன்னவர் தேவராஜ் சார். இரண்டு போர்களில் சண்டை விமானம் ஓட்டியவர். அந்தக் காலை அவர் நின்றது கம்பைநல்லூர்ப் பக்கத்துக் கடலைக் காட்டில், பூட்ஸ் முழுக்கச் செம்மண்ணோடு. எதிரே எங்கள் வேளாண்மை ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில் கையில் கொடி இல்லாமல் நான். தப்பு செய்தவன் நான்தான்.

இதை இப்போது எழுத வைத்தவர் ரெஹானா மேடம். எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த அலுவலர். போன மாதம் ஏரியூர்ப் பக்கம் ட்ரோன் வைத்து மருந்து தெளிப்பதைக் காட்டினார்கள். ஓய்வு பெற்றவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தட்டாம்பூச்சி மாதிரி ஒன்று எழும்பிப் போய், மருந்தை அடித்துவிட்டு, கிளம்பிய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. “இதுக்குக் கொடி புடிக்க ஆளு வேணாமா?” என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டது. “கொடியா? எதுக்கு சார் கொடி? எழுதிக் குடுங்க சார், எங்க பேட்ச்ல யாருக்குமே தெரியாது” என்றது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மனிதர்கள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டதுதான் என் படிப்பு. அந்தப் படிப்பை நம்பி எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் துறையில் தினக்கூலியாக இருந்தேன். மானாவாரிக் கடலையில் அந்த வருடம் சிவப்புக் கம்பளிப்புழு படையெடுத்தது. ஒரு காட்டைத் தின்று முடித்துவிட்டு, ரோட்டைக் கடந்து அடுத்த காட்டுக்கு ஊர்வலம் போகும். பஸ் சக்கரம் வழுக்கும். கைத்தெளிப்பானால் ஆகாது என்று விமானம் வரவழைத்தார்கள். கொடி பிடிக்க ஆள் கேட்டார்கள். மூன்று நாள் பயிற்சி என்றார்கள். ஒன்றரை நாளில் முடிந்தது. சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: நேராக நில், ஒரே அளவாக நட, வாயை மூடிக்கொள்.

வேலை இப்படி. இரண்டு ஆள் உயர மூங்கிலில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். விடிந்தும் விடியாமலும் காற்று அடங்கியிருக்கும்போது காட்டின் ஓரத்தில் கொடியை நட்டமாகப் பிடித்து நிற்க வேண்டும். விமானம் பனைமர உயரத்துக்கும் கீழே இறங்கி, நம் நெஞ்சைக் குறி வைத்து வரும். அது நேரே வந்து மருந்தைத் திறந்தவுடன் நாம் காற்று வரும் திசையைப் பார்த்து நடந்து, பதினெட்டுத் தப்படி தள்ளி அடுத்த கோட்டில் நிற்க வேண்டும். காற்றுக்கு எதிராக நடந்தால்தான் மருந்து நம் மேல் விழாது. ஓடக்கூடாது, ஓடினால் தப்படி மாறும். விமானத்தில் இருப்பவருக்குக் கீழே எல்லாமே பச்சை. யார் காடு, எது வரப்பு என்று தெரியாது. கொடி எங்கே நிற்கிறதோ அதுதான் கோடு. கொடியைக் கீழே படுக்க வைத்தால் ‘அடிக்காதே’. வேறு பேச்சு வார்த்தை கிடையாது. ரேடியோ எல்லாம் எங்களுக்கு ஏது?

முதல் நாள் விமானம் என்னைப் பார்த்து வந்தபோது கொடியோடு கூட என் காலும் ஆடியது. இறங்கி வந்த தேவராஜ் சார் கேட்டார், “உன் பேரு என்ன?”

“மாதுங்க சார்.”

“பயந்தியா மாது?”

“கொஞ்சமுங்க.”

“நல்லது. பயப்படறவன்தான் ஒழுங்கா எண்ணுவான்.”

ஓசூருக்கு அந்தப் பக்கம் எல்லையோர ஊர் அவருக்கு. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பிசைவார். ராகிக் களியைக் கண்டால் பெரிய அதிகாரி என்பதெல்லாம் மறந்துபோகும். விமானி என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி கறுப்புக் கண்ணாடி போட்ட ஆளை எதிர்பார்த்திருந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏமாற்றம். “இவரா குண்டு போட்டாரு? நம்ம கோவாப்பரேட்டிவ் செகரட்டரி மாதிரி இருக்காரே” என்றார்கள். அவர் காதிலும் விழுந்தது. “செகரட்டரி வேலை கெடைக்கல, அதான் குண்டு போடப் போனேன்” என்றார்.

ஒரு வழக்கம் வைத்திருந்தார். மருந்து அடிக்கப் போகிற காட்டை முந்தின நாள் சாயங்காலம் கால்நடையாக முழுக்கச் சுற்றி வருவார். கிணறு எங்கே, யார் வீடு, மாடு எங்கே கட்டுகிறார்கள், குழந்தை இருக்கிறதா என்று எல்லாம் கேட்பார். ஒவ்வொரு வீட்டுக்காரர் பெயரையும் கேட்டு, திருப்பி ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். மற்ற ஊர்களில் வந்த விமானிகள் படத்தைப் பார்த்துவிட்டு ஏறிவிடுவார்கள் என்று கேள்வி. ஆபீசருக்கு இது பிடிக்காது. “சார், மேப் இருக்குதே” என்பார்.

“மேப்புல பேரு இருக்காது ஆபீசர்.”

இப்படி ஏன் நடக்கிறார் என்பது எனக்கு ஒரு பகலில்தான் தெரிந்தது. காலை ஒன்பது மணிக்கு மேல் காற்று ஏறிவிடும்; அதன்பின் பறக்க முடியாது. ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தைச் சமப்படுத்தி ஓடுதளம் போட்டிருந்தோம். அதன் ஓரத்துப் புளியமரத்தடியில், காலி மருந்து டிரம்களிலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்போம். அன்று அவருடைய சிநேகிதர் மூர்த்தி என்பவர் மோட்டார் சைக்கிளில் வந்துபோனார். அவரும் சண்டை விமானி. போரில் இவருக்குப் பக்கத்து விமானத்தில் பறந்தவராம். வேலையை விட்டுவிட்டு ஓசூர் ரோட்டில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். மாதம் ஒருமுறை முட்டை கொண்டு வருவார். இரண்டு பேரும் மரணத்தைப் பக்கத்தில் பார்த்தவர்கள் ஆயிற்றே, ஏதாவது கதை கிடைக்கும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவேன். அவர்கள் பேசியதெல்லாம் கோழிக்குக் கழிச்சல் வந்தால் என்ன கொடுப்பது என்பது மட்டும்தான்.

மூர்த்தி போன பிறகு கேட்டே விட்டேன். “சண்டையப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசவே மாட்டீங்களா சார்?”

கையில் ஒரு முட்டையை உருட்டிக்கொண்டே சொன்னார்.

“அறுபத்தஞ்சுல நான் சின்னப் பையன் மாது. பயமே தெரியாது. எழுபத்தொண்ணுல எனக்குப் பொண்ணு பொறந்துட்டா. அப்பறம்தான் கீழ இருக்கறவன் வூட்லயும் ஒரு பொண்ணு இருக்கும்னு தெரிஞ்சுது. மேற்கு எல்லையில மணல் காடு. தரையில நம்மாளு ஒருத்தர் ரேடியோவோட இருப்பாரு. உன்ன மாதிரிதான், அவரு சொல்ற எடம்தான் கோடு. ‘தோப்புக்குத் தெக்கால வண்டிங்க நிக்குது, அடி’ன்னாரு. மேலேருந்து பாத்தா ரெண்டு தோப்பு. எந்தத் தோப்புன்னு கேட்டேன். சொன்னாரு. எனக்கு முழுசா மனசு ஒப்பல. இன்னொரு தடவ கேக்கணும்னா ஒரு சுத்து சுத்தி வரணும். கீழேருந்து சுடறாங்க. அடிச்சுட்டேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் புழுதி. அஞ்சு நிமிசத்துல நாப்பது கல் தள்ளி வந்தாச்சு. எறங்குனதும் மூர்த்தி சொன்னான், ‘எனக்குக் கொம்பு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு’ன்னு. மாட்டுக் கொம்பு. அவ்வளவுதான். அதுக்கப்பறம் அவனும் பேசல, நானும் கேக்கல. சரியான எடத்துலதான் அடிச்சீங்கன்னு எழுத்துல சொன்னாங்க. எழுத்து வேற, கண்ணு வேற.”

“லாரியாத்தான் இருந்திருக்கும் சார்” என்றேன். வேறு என்ன சொல்வது?

“இருக்கலாம்” என்றார். “அந்த ‘இருக்கலாம்’கூடத்தான் நாலு வருசமா படுத்து எந்திரிக்கறேன்.”

முட்டைகளில் நாலை எடுத்து என் துண்டில் கட்டிக் கொடுத்துவிட்டு, “ஆய்த்து” என்று எழுந்து போய்விட்டார்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

கம்பைநல்லூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஊர். நாற்பது ஏக்கருக்கு மேல் கடலை. அதன் கிழக்குக் கோடியில் பச்சியம்மா என்ற பெண்ணுக்கு ஒரே ஒரு ஏக்கர். கடலை போடாமல் மல்பெரி வைத்து, பட்டுப்புழு வளர்த்தாள். புருஷன் இறந்த பிறகு அந்த வட்டாரத்தில் முதல்முதலாகப் புழு வளர்த்தவள் அவள்தான். புழு நாலாவது தடவை தோல் உரித்து, கடைசித் தீனியில் இருந்தது. இன்னும் மூன்று நாளில் கூடு கட்டப் போகிறது. அந்த மூன்று நாளும் ராப்பகலாகத் தின்னும். இலை தாமதமானால் போச்சு. இலையில் ஒரு துளி மருந்து பட்டிருந்தால் மொத்தமும் போச்சு. அவள் வீட்டு வருஷ வரும்படியே புழு வளர்க்கும் அந்த மூங்கில் தட்டுகளில்தான் ஊர்ந்துகொண்டிருந்தது.

கடலைக்காரர்களும் மூன்று நாள் தள்ளிப்போட முடியாது. அதற்குள் கம்பளிப்புழு காம்பைக்கூட மிச்சம் வைக்காது. பெரியண்ணன் என்ற பெரிய விவசாயி கத்தினார். “ஒரு புழுவக் கொல்லத்தான் விமானம் வந்துருக்குது. இன்னொரு புழுவக் காப்பாத்தறதுக்கு அது நிக்கணுமா? என்னங்கடா நியாயம்!”

பச்சியம்மா விடவில்லை. “உங்க புழுவ நீங்க கொல்லுங்கண்ணா. எம் புழுவ ஏன் கொல்றீங்க? அது உங்க கடலைய மோந்தாவது பாத்துச்சா?”

கூட்டத்தில் சிரிப்பு. பெரியண்ணனும் சிரித்துவிட்டார். அதனால் ஒப்பந்தம் சுலபமாயிற்று. மல்பெரி வேலியிலிருந்து அறுபது தப்படி விட்டுவிட்டு மருந்து அடிப்பது. விட்ட இடத்தில் கைத்தெளிப்பானால் பெரியண்ணன் ஆட்கள் பார்த்துக்கொள்வது. சாயங்காலம் தேவராஜ் சார், நான், பச்சியம்மா மூவரும் நடந்துபோய், அறுபதாவது தப்படியில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். சார் அவளிடம், “பச்சியம்மா. சரிதானே? பச்சியம்மா” என்று பெயரைத் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

அன்று ராத்திரி மழை பெய்து, கோட்டைக் கழுவிவிட்டது.

விடியற்காலம் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கொடிக்காரனுக்குக் கால் இருக்கும்போது கோடு எதற்கு? மேற்கிலிருந்து வரும் மேல்காற்று லேசாக இருந்தது. காற்றுக்கு எதிராகத்தானே நடக்க வேண்டும்? அதனால் கிழக்கே, மல்பெரி ஓரத்திலிருந்துதான் ஆரம்பம். வேலியில் முதுகை வைத்து, மேற்கே பார்த்து அறுபது தப்படி எண்ணி நடந்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. இன்றைக்கும் சத்தியம் செய்வேன், அறுபது. கொடியை நட்டுக்கொண்டு நின்றேன். குறுகலான காடு, என் ஒரு கொடியே போதும்.

விமானம் வடக்கே திரும்பி, தெற்கே நிற்கும் என்னைக் குறி வைத்து இறங்கியது. அப்போது பச்சியம்மாவின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வேலியோரம் நின்று கையை ஆட்டுகிறாள். அவள் மூக்குத்தி மின்னுவது தெரிந்தது. அறுபது தப்படிக்கு அப்பால் மூக்குத்தி எப்படித் தெரியும்? குனிந்து என் காலைப் பார்த்தேன். மழை பெய்த செம்மண், பாதத்தில் காலுக்கொரு செங்கல் மாதிரி அப்பியிருந்தது. கால் கனத்தால் தப்படி குறுகும். வறண்ட மண்ணில் அறுபது வேறு, சேற்றில் அறுபது வேறு. எண்ணிக்கை சரி, இடம் தப்பு. நாற்பதோ நாற்பத்தைந்தோதான் தள்ளியிருப்பேன்.

விமானம் குறி வைத்த பிறகு கொடிக்காரன் அசையக்கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அந்தப் பாடம் என்னை ஒரு மூச்சு நேரம் பிடித்து வைத்தது. அந்த ஒரு மூச்சில் காட்டின் கோடியில் மருந்து வெள்ளைப் புகையாகத் திறந்துவிட்டது. கொடியை வீசி எறிந்தேன். படுக்க வைக்கவில்லை, எறிந்தேன். மருந்து சட்டென்று நின்றது. விமானம் என் தலைக்கு மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. அதன் காற்றில் நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். ஏற்கனவே விழுந்த புகை மட்டும் மேல்காற்றில் மெதுவாக, அவசரமே இல்லாமல், மல்பெரியைப் பார்த்துப் போனது.

இறங்கியவர் ஜீப்புக்குக்கூடக் காத்திருக்காமல் வரப்போடு நடந்து வந்தார். ஆபீசர் அவருக்கு முன்னால் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். “கொடிய ஏண்டா போட்ட? மருந்து வீணு, நேரம் வீணு.” நான் காலைக் காட்டினேன். தேவராஜ் சார் குனிந்து என் பாதத்தில் இருந்த மண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அறுபதும் எண்ணுனயா?”

“எண்ணுனேன் சார். தப்படி குறுகிடுச்சு. எந் தப்புதான்.”

“எனக்கு மேலேருந்தே வேலிக்குக் கிட்டவோன்னு பட்டுச்சு மாது” என்றார் தாழ்ந்த குரலில். “கொடி நிக்குதேன்னு திறந்துட்டேன். இது ரெண்டாவது தடவ.”

ஆபீசருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. “சார், காத்து ஏறப்போவுது, மிச்சத்த முடிச்சுடுங்க, அந்தம்மாவ நான் பாத்துக்கறேன்” என்று ஆபீசர் அவசரப்படுத்தினார். அதற்குத்தான் தேவராஜ் சார், கண்ணால் பார்க்காமல் விமானத்தில் ஏற மாட்டேன் என்றது. பெரியண்ணன் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனார். நாற்பது ஏக்கரில் பாதி அவருடையது. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது.

பச்சியம்மா எங்களைப் பார்த்து அழவில்லை, கத்தவில்லை. அவளுக்கு நேரமில்லை. ஒரு மணி நேரத்தில் தட்டுகளுக்கு இலை போட வேண்டும். எந்த இலை நல்ல இலை என்று பார்த்தால் தெரியாது, மோந்தால் தெரியாது. அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மல்பெரிச் செடிகள் வரிசை வரிசையாக இருந்தன. முதல் வரிசையில் ஓர் இலை, மூன்றாவதில் ஓர் இலை, ஆறாவதில், பத்தாவதில், பதினைந்தாவதில் என்று தனித்தனியாகப் பறித்து வந்தாள். வீட்டு வாசலில் முறத்தைக் கவிழ்த்து, அதன் மேல் இலைகளை வரிசையாக வைத்தாள். உள்ளேபோய் ஐந்து புழுக்களை எடுத்து வந்தாள். என் சுண்டுவிரல் நீளம், பால் நிறம். ஒவ்வொன்றையும் ஓர் இலையில் விட்டாள். விடுவதற்கு முன் ஒவ்வொன்றின் முதுகையும் விரலால் ஒருமுறை தடவிவிட்டாள்.

“எவ்வளவு நேரமாவும்?” என்றார் தேவராஜ் சார்.

“அரை மணி ஆவும். நீங்க போங்க சார், உங்களுக்கு வேலை இருக்கும்.”

அவர் முறத்துக்கு முன்னால் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ஐந்தும் தின்ன ஆரம்பித்தன. விளிம்பிலிருந்து பிறை பிறையாக அரித்துக்கொண்டு உள்ளே போயின. பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் முதல் இலைப் புழு தலையைத் தூக்கியது. தூக்கிய தலையை இறக்கவில்லை. இப்படியும் அப்படியும் ஆட்டியது. வாயில் பச்சையாக நீர் வந்தது. மூன்றாவது வரிசைப் புழுவும் நிறுத்திவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தேவராஜ் சார் திருப்பவில்லை. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது வரிசைப் புழு கொஞ்சம் தின்னும், கொஞ்சம் நிற்கும். எங்கள் உயிரும் அதோடு போய்ப் போய் வந்தது. கடைசியில் அதுவும் சுருண்டது. பத்தாவதும் பதினைந்தாவதும் மட்டும் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தன. அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. அவை நிறுத்தவே இல்லை. பத்தாவது வரிசைப் புழு இலையை முடித்துவிட்டு, முறத்தின் நாரைக் கடித்துப் பார்த்தது.

பச்சியம்மா மூச்சு விட்டாள். “பத்துக்கு அந்தாண்ட பொழச்சுது. எதுக்கும் பன்னெண்டுலேருந்து பறிக்கலாம். மூணு நாளைக்கு இழுத்துப் புடிச்சா பத்தும்” என்றாள். செத்துக்கொண்டிருந்த மூன்றையும் ஒரு தேக்கிலையில் எடுத்துத் தனியே வைத்தாள்.

தேவராஜ் சார் எழுந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலதிகாரி முன் நிற்பவர் போல விறைப்பாக நின்றார். “பச்சியம்மா, இந்த மூணும் என்னாலதான் செத்துச்சு” என்றார். “கொடி எங்க நின்னாலும், மருந்தத் திறந்தது என் கைதான். கிட்ட இருக்குதுன்னு தெரிஞ்சும் திறந்தேன்.”

தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தெரியுமுங்க சார். நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேனே” என்றாள். “நிறுத்துனதையும் பாத்தேன். இப்பப் பேசிக்கிட்டு நிக்க நேரமில்ல. உள்ள அத்தனையும் வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்குது. பூட்ஸக் கழட்டிட்டு, கைகால நல்லாக் கழுவிட்டு வாங்க, இலை பறிக்கணும். உங்க சட்டையிலயும் மருந்து இருக்கும். ரெண்டு பேருந்தான். மாதுண்ணா, உனக்குத் தனியாச் சொல்லணுமா?”

தேவராஜ் சார் கிணற்றடிக்குப் போய், சட்டையைக் கழற்றிக் கல்லின் மேல் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் சேந்தி மூன்று தடவை தலைமேல் ஊற்றிக்கொண்டார். அவள் கொடுத்த பழைய வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மல்பெரிக்குள் இறங்கி, ஒவ்வொரு வரிசையாகத் தொட்டு வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனார். பன்னிரண்டாவதில் நின்றார். திரும்பி முதல் வரிசைக்கு வந்து, இன்னொரு தடவை எண்ணினார். அப்புறம்தான் முதல் இலையைப் பறித்தார்.